இருபத்திரண்டு நிமிடத்தில் லும்பாயன்

ஜெர்லின் சோப்ரெவேகா பார்த்தறியாத ஊர்களுக்காக அறுநூற்று முப்பத்தொன்பது பக்கங்கள் செய்தாள். பிறந்து வளர்ந்த ஊருக்காக ஒரே ஒரு பக்கம் செய்தாள். அந்த அறுநூற்று முப்பத்தொன்பதால் யாருக்காவது கெடுதல் வந்ததா என்று இதுவரை தகவல் இல்லை. அந்த ஒன்றுதான் நேராகப் போய் அவள் தகப்பனின் தலையில் விழுந்தது.

கெட்டிக்காரி அவள், அதில் இரண்டு பேச்சு இல்லை. பத்தொன்பது வயதில் லும்பாயன் தீவிலிருந்து ஒரு துணிப்பையோடு படகேறி இலோய்லோ நகரத்துக்கு வந்தவள். இரண்டு வருடம் வணிகவியல் படித்தாள். கையிருப்பு தீர்ந்ததும் படிப்பும் நின்றது. எட்டு வருடம் கால் சென்டரில் உட்கார்ந்து, எங்கோ இருக்கிற அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கினாள். கடைசியில் மார்லன் என்பவரின் சிறிய கம்பெனியில் சேர்ந்தாள். சலவைக் கடைக்கு மேலே, ஐந்து கணினிகள் போட்ட அறை. கீழேயிருந்து சோப்பு வாசனை எந்நேரமும் ஏறிவரும். இங்கே யாரும் திட்டுவதில்லை, அதுவே எனக்குப் பாதிச் சம்பளம் என்று தீவில் இருக்கும் அக்கா பெலெனிடம் போனில் சொல்லுவாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு நிம்மதி வந்திருந்தது.

கம்பெனியின் வேலை இதுதான்: யாராவது கைப்பேசியில் ஒரு சேவையைத் தேடினால், தங்கள் வாடிக்கையாளரின் பெயர் முதலில் வந்து நிற்கும்படி செய்வது. கழிவுநீர்த் தொட்டி அள்ளுகிறவர்கள், ஏசி பழுது பார்க்கிறவர்கள், பூட்டுத் திறக்கிறவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். அந்த வருடம் தாசிக் என்கிற தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி வந்தது. கரையோர ஊர்களில் அவர்களுக்கு ஐந்து நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் நாற்பது கிலோமீட்டருக்குள் எத்தனை ஊர் உண்டோ, அத்தனைக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும் என்றார்கள்.

"ஊர்க்காரன் அவன் ஊர்ப் பேரைப் பார்க்கணும் ஜெர். பார்த்தான்னா யோசிக்க மாட்டான், நம்பரை அமுக்கிடுவான்" என்பார் மார்லன். அவர் கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் பட்சோய் நூடுல்ஸ் வாங்கித் தருகிறவர். ஊர் என்றால் அவருக்கு ஒரு வரிசையில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

ஜெர்லின் வரைபடத்தில் ஐந்து வட்டங்கள் போட்டாள். வட்டத்துக்குள் விழுந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலில் இறக்கினாள். ஒரு மாதிரிப் பக்கம் எழுதி, நடுநடுவே காலி இடம் விட்டாள்: ஊர்ப் பெயர், தூரம், வந்து சேரும் நேரம், பக்கத்துப் பள்ளிக்கூடம், கோவில், கூடைப்பந்துத் திடல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தேடுபொறி தூக்கி எறிந்துவிடும் என்பதால் ஊருக்கு மூன்று அடையாளமாவது மாற வேண்டும். வந்து சேரும் நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டாள்: வரைபடத்தில் உள்ள நேர்த் தூரம், கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம். ஒரு பொத்தானை அமுக்கினால் பட்டியலில் இருக்கிற அத்தனை ஊருக்கும் பக்கம் பிறந்துவிடும். தினமும் விடியற்காலையில் பட்டியலைப் பார்த்துப் பக்கங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளவும் வழி செய்தாள்.

அவளுடைய சொந்த யோசனை ஒன்றும் அதில் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சமீபத்தில் நாங்கள் வந்த இடங்கள்' என்று ஒரு பெட்டி வைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து வேலை முடிந்தது என்று பதிந்தால் போதும். ஊர், தேதி, வயது, எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் வந்து உட்காரும். அந்த நிமிடத்தை யாரும் கடிகாரம் பார்த்து எழுதவில்லை. அவள் போட்ட அதே கணக்கிலிருந்து வந்தது. மார்லன் எழுந்து நின்று கைதட்டினார். ஜெர்லினுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

பட்டியலில் நானூற்றுப் பதினேழாவது வரிசையில் லும்பாயன் இருந்தது. பதினாலரை கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம். அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாத ஊர், எந்தச் செய்தியிலும் வராத ஊர், திரையில் மற்ற ஊர்களுக்குச் சமமாக நின்றது. அந்த மகிழ்ச்சியில் அவளுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. வட்டத்துக்குக் கடல் தெரியாது. கரையிலிருந்து லும்பாயனுக்குப் பதினான்கு கிலோமீட்டரும் தண்ணீர்தான். மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரில் நனைந்து, வாந்தி எடுத்து, ஐம்பது நிமிடம் படகில் போய்வருகிறவள் அவள். கடலில் பிறந்தவளுக்கே கடல் மறந்துபோயிற்று என்று இப்போது ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும், உண்மைதானே.

அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அவள் மாதிரியைப் பயன்படுத்தவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சொந்தக் கையால் எழுதி, பட்டியலில் லும்பாயன் வரிசையிலேயே சேர்த்தாள்: 'லும்பாயன் மக்களே, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் முற்றத்தில் பெரியவர் வென்சஸ் பிங்கோ எண்களைக் கூவும் சத்தம் எங்களுக்கும் கேட்கிறது. சாய்ந்த தென்னை நிற்கும் மேற்குக் கரையானாலும், பள்ளிக்கூடத்துக் கிணற்றடியானாலும், உங்கள் வாசலில் இருபத்திரண்டு நிமிடத்தில் வந்து நிற்போம்.'

பெரியவர் வென்சஸ் அவளுடைய அப்பா. வென்செஸ்லாவ் சோப்ரெவேகா, எழுபத்தொரு வயது, மீன்பிடித்து ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிங்கோ ஆட்டத்தில் மட்டும் அவர் ராஜா; குலுக்கி எடுத்த எண்ணை அவர் கூவ, சீட்டில் அந்த எண் உள்ளவர்கள் அதை அடிப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். எட்டு வந்தால் 'கப்பல் சமையல்காரன் தொந்தி.' பதினொன்று வந்தால் 'என் மாமியாரோட முழங்கால்.' இருபத்திரண்டுதான் எல்லோருக்கும் பிடித்தது. "ரெண்டு கொக்கு, ஒரே மீனு!" என்று கூவி நிறுத்துவார். கூட்டம் மொத்தமும் "மீன் யாருக்கு?" என்று கேட்கும். "முந்துறவனுக்கு!" என்பார். முப்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

தான் எழுதியதை வீட்டில் அவள் சொல்லவில்லை. என்றாவது அக்காவே பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

அக்கா பார்த்தாள். கூப்பிடவும் செய்தாள். செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது.

"இண்டாய், பதறாதே. அப்பா விழுந்துட்டாரு" என்றாள் பெலென். வீட்டில் இளையவளுக்கு அதுதான் கூப்பிடு பெயர், மூத்தவளுக்கு மனாங். குரல் நிதானமாக இருந்தது. "அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தாரு, ஒன்றரை மணி இருக்கும், அப்படியே சரிஞ்சுட்டாரு. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கு. இன்னும் ஏழு நிமிஷம்தான்."

"எந்த ஆம்புலன்ஸ் மனாங்?"

"போன்ல தேடினேன், முதல்லயே வந்துச்சு. நம்ம ஊருக்குன்னே வச்சிருக்காங்க, இண்டாய். அப்பாவோட பிங்கோ வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எழுதினவங்க நம்மள நல்லாத் தெரிஞ்சவங்கதான்."

ஜெர்லின் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்து மேசைப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அவளுக்கு அழத் தோன்றவில்லை, கத்தத் தோன்றவில்லை. திரையில் எதிரே பட்டியல் திறந்தே கிடந்தது.

கடலுக்கு நடுவே ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று பெலெனுக்குத் தோன்றாமல் இல்லை. அவள் ஒன்றும் பேதை இல்லை. தினமும் அக்கரைக்குப் போய்வரும் படகுக்காரர் இஸ்கோவுக்கே ஐம்பது நிமிடம் ஆகும்போது இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், நிச்சயம் வேகப்படகு வைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டாள். போனில் பேசிய பெண்ணும் ஊர்ப் பெயரைக் கேட்டு, எங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது, புறப்பட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். யார்தான் நம்ப மாட்டார்கள்?

லும்பாயனில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்தால், கிளம்பத் தயாராக இருக்கிற படகு கிளம்பக் கூடாது. படகுக்காரர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று வீட்டார் சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம். அன்றைக்கும் இஸ்கோ கருவாட்டுக் கூடைகளை ஏற்றிவிட்டு, ஈரக் காலோடு வந்து வாசலில் நின்றார். ஏணையில் போட்டுத் தூக்கிப்போய்விடலாமா என்று கேட்டார்.

"வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் பெலென். "உங்க படகுல தூக்கித் தூக்கிப் போடும் இஸ்கோ மனோங், இவங்க நர்ஸோட, ஆக்ஸிஜனோட வர்றாங்க, நீங்க கிளம்புங்கன்னேன். அந்தப் பக்கத்தை அவருக்கும் படிச்சுக் காட்டினேன். சிலுவை போட்டுக்கிட்டுப் போனாரு."

"எப்ப போனாரு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அவரைக் கூப்பிடு மனாங். ஆம்புலன்ஸ் வராது."

"என்ன சொல்றே?"

"அவங்ககிட்ட படகே கிடையாது. வண்டி மட்டும்தான் இருக்கு. ஓடு மனாங், கரைக்கு ஓடு!"

பெலென் ஓடினாள். மூச்சு இரைப்பதும் மணல் மிதிபடுவதும் ஜெர்லினுக்குப் போனில் கேட்டன. படகு கண்ணுக்குத் தெரிகிறது என்றாள். சின்னதாகத் தெரிகிறது என்றாள். பாவாடையை அவிழ்த்து வீசாத குறையாக, கொடியில் காய்ந்த போர்வையை உருவி எடுத்து ஆட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தகரத்தைத் தட்டினார்கள். மோட்டார் போடுகிற சத்தத்தில் இஸ்கோவுக்கு எது கேட்கப்போகிறது? கரைக்கு முதுகைக் காட்டித்தானே படகு ஓட்ட முடியும்? அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கைப்பேசிக்கு ஜெர்லின் பதினெட்டு முறை அடித்தாள். நடுக்கடலில் சிக்னல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததா? அடித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு தாசிக்கின் எண்ணை அழுத்தினாள். அறுநூற்று நாற்பது பக்கங்களில் ஏற்றிய எண், மனப்பாடம். கவலைப்படாதீங்க மேடம், வண்டி வழியில் இருக்கிறது என்றாள் போனை எடுத்த பெண். வண்டி ஓட்டுகிறவரின் எண்ணை வாங்கி அவரையே பிடித்தாள் ஜெர்லின். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆன மலைநாட்டு ஆள். அவர் குரலில் ஒரு கூச்சம் இருந்தது, தன்மேல்தான் ஏதோ தவறு என்பது போல.

"மேடம், மேப்புல இன்னும் பதினாலு கிலோமீட்டர்னு காட்டுது. ஆனா ரோடு முடிஞ்சுபோச்சு. எதிர கடல்தான் இருக்கு."

ஜெர்லின் அவரை அங்கேயே நிற்கச் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்?

கருவாட்டை இறக்கிச் சந்தைக்குப் போன இஸ்கோவின் கைப்பேசி மாலைவரை கிடைக்கவில்லை; ஊரில் வேறு படகும் இல்லை, மீன்பிடிக்கப் போனவை நான்கு மணிக்குத்தான் லும்பாயனுக்குத் திரும்பின. முதலில் கரை தொட்ட படகில், மீனைக்கூட இறக்காமல், வென்சஸைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அக்கரையில் மூன்று மணி நேரமாகக் கடலைப் பார்த்து நின்ற வண்டி அவரை ஏற்றிக்கொண்டு இலோய்லோவுக்குப் பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஜெர்லின் நின்றிருந்தாள். அப்பா இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். ஆறு மணிக்குள் கொண்டுவந்திருந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இஸ்கோவின் படகில் ஏற்றியிருந்தால் ஐந்தரைக்கே வந்திருப்பார். அந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஜெர்லின் போட்டாள், திரும்பத் திரும்பப் போட்டாள், ஐந்தரைதான் வந்தது.

உயிர் தங்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

மறுநாள் மார்லனிடமிருந்து செய்தி வந்தது. விஷயம் தெரியாமல் அனுப்பியது. லும்பாயன் பக்கத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, தீவுகளிலிருந்து வந்த முதல் அழைப்பு, அருமையான வேலை, மற்ற நாற்பத்தொரு தீவுகளுக்கும் இதே மாதிரி மனசைத் தொடுகிற விதத்தில் எழுதிவிடு என்று இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருந்தினார், ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்புகிறேன் என்றார். தீவுப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் குரல் மாறியது. வாடிக்கையாளர் ஊர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார், கடல் இருப்பது நம் பிழையா என்று கேட்டார்.

அவள் அவரிடம் மேலே பேசவில்லை. வார்டு நடையில் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே லும்பாயன் பக்கத்தை அழித்தாள். மறுநாள் காலையில் அது திரும்ப வந்திருந்தது. விடியற்காலையில் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்தவள் அவள்தானே? பட்டியலுக்குள் புகுந்து நானூற்றுப் பதினேழாவது வரிசையையே எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். அவளுடைய கடவுச்சொல்லை மார்லன் மாற்றிவிட்டிருந்தார்.

நான்காம் நாள் காலை, பெலென் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அதைத் தங்கையிடம் நீட்டினாள்.

"இதைப் பாரு இண்டாய். அடியில என்ன போட்டிருக்கான்னு பாரு."

'சமீபத்தில் நாங்கள் வந்த இடங்கள்' என்ற பெட்டியில் முதல் வரி: லும்பாயன். செவ்வாய்க்கிழமை. ஆண், வயது 71. வந்து சேர்ந்த நேரம்: 22 நிமிடம்.

ஜெர்லின் தன் கண்ணையே நம்பாமல் பார்த்தாள். தாசிக்கின் வண்டிதான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. வேலை முடிந்தது என்று அவர்கள் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அவள் போட்ட கணக்கு. ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்திருந்தது.

பெலென் அந்த வரியில் விரலை வைத்தாள். "இருபத்திரண்டு நிமிஷமாம். இதை எழுதின கையில புழு வைக்கும்." தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடு. நான் அவ வீட்டு வாசல்ல போய் நிக்கணும்."

ஜெர்லின் கையை உருவிக்கொள்ளவில்லை.

"நான்தான் மனாங். நான்தான் எழுதினேன்."

பெலென் அவளையே பார்த்தாள். விளங்க நேரம் பிடித்தது. அப்பாவின் பிங்கோ, சாய்ந்த தென்னை, கிணற்றடி எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போயின. அடிப்பாள் என்று ஜெர்லின் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. பெலென் பிடித்திருந்த கையை விட்டாள். கைப்பேசியை முகத்தருகே உயர்த்தி, பக்கத்தை மேலே தள்ளி, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இஸ்கோவுக்கு எப்படிப் படித்துக் காட்டியிருப்பாளோ அப்படி.

"லும்பாயன் மக்களே, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் முற்றத்தில் பெரியவர் வென்சஸ்..."

பெயர் கேட்டதும் அப்பா கண்ணைத் திறந்தார். பெலென் நிறுத்தவில்லை. ஒரு சொல் விடாமல் படித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெர்லின் சுவரோடு ஒட்டி நின்று, தான் எழுதியதைத் தானே கேட்டாள்.

"...உங்கள் வாசலில் இருபத்திரண்டு நிமிடத்தில்..."

எண் காதில் விழுந்ததும் அப்பாவின் இடது கை போர்வையிலிருந்து மேலே எழுந்தது, பிங்கோ கூவும்போது மைக்கைப் பிடிப்பதுபோல. வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறந்தது. கழுத்து நரம்பு புடைக்க முயன்றார்.

"கொ... கொ..." என்றார். அதற்கு மேல் காற்றுதான் வந்தது.

கையை இறக்காமல், அவர் இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தார். மீன் யாருக்கு என்று அடுத்து அவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேரும் கேட்கவில்லை.